கூகிள் இல்லாத போனுக்குக் காசு செலவழிக்கலாமா?

கேள்வி: பிரான்சிலிருந்து வந்த அண்ணா தான் பாவித்த ஹுவாவி பி40 போனைத் தந்துவிட்டுப் போனார். படம் அருமையாக எடுக்கிறது. ஆனால் வங்கி ஆப் திறக்கவில்லை, வட்ஸ்அப் செய்தி பிந்தி வருகிறது. புதுக்குடியிருப்பில் ஒரு கடையில் "கூகிள் போட்டுத் தரலாம்" என்று 4,000 ரூபாய் கேட்கிறார்கள். முன்பு வைத்திருந்த நொக்கியா லூமியாவும் இப்படித்தான் நல்ல நிலையில் இருக்கும்போதே உதவாமல் போனது. அடுத்த போனை எதைப் பார்த்து வாங்குவது? (ஒட்டுசுட்டான் வாசகர்)

பதில்: அந்த 4,000 ரூபாயைக் கொடுக்க வேண்டாம். இப்படிப் போட்டுத் தருவது பெரும்பாலும் ஜிபொக்ஸ் போன்ற ஓர் ஆப்தான். அதை நீங்களே இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். அதற்குள் யூடியூப், மப்ஸ் ஓடும். வங்கி ஆப் இன்றைக்கு ஓடினாலும் நாளைக்கு ஓடும் என்று நம்ப முடியாது. பல வங்கி ஆப்கள் திறக்கும்போதே "இது கூகிள் சான்றளித்த போனா?" என்று சரிபார்க்கின்றன. பி40க்கு அந்தச் சான்று இல்லை. இன்னொன்று, ஜிபொக்ஸ் மூன்றாம் தரப்பாரின் ஆப். அதற்குள் உங்கள் வழமையான கூகிள் கணக்கைப் போடாமல் புதிதாக ஒரு கணக்குத் திறந்து போடுங்கள். வங்கி விபரங்களை அதற்குள் கொண்டுபோகவே கூடாது. வங்கியின் இணையத்தளத்தை உலாவியில் திறந்து முகப்புத் திரையில் குறுக்குவழியாக வைத்தால் பெரும்பாலான வேலைகள் நடக்கும்.

வட்ஸ்அப் பிந்துவதற்கும் வேர், போனில் கூகிள் இல்லாததுதான். மற்ற அன்ட்ரொய்ட் போன்களில் செய்தி வந்ததும் ஆப்பைத் தட்டி எழுப்புவது கூகிளின் அறிவித்தல் சேவை. உங்கள் போனில் அது இல்லாததால் வட்ஸ்அப் தானே பின்னணியில் விழித்திருக்க வேண்டும். பற்றரியைச் சேமிக்கிறேன் என்று ஹுவாவியின் மென்பொருள் அதை மூடிவிடுகிறது. அமைப்புகளில் பற்றரி பகுதிக்குப் போய் "ஆப் லோஞ்ச்" என்பதைத் திறவுங்கள். வட்ஸ்அப்புக்கு நேரே இருக்கும் தானியங்கி நிர்வாகத்தை நிறுத்தினால் மூன்று பொத்தான்கள் வரும். மூன்றையும் போட்டுவிடுங்கள். வட்ஸ்அப்பை அதன் சொந்த இணையத்தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கூகிள் டிரைவில் காப்புப் பிரதி போகாது என்பதால், போனுக்குள் உள்ள வட்ஸ்அப் கோப்புறையை மாதம் ஒருமுறை கேபிள் போட்டுக் கணினியில் பிரதி எடுங்கள். மெமரி கார்டு வாங்கப் போகிறவர்கள் கவனிக்க: பி40 சாதாரண மைக்ரோ எஸ்டி கார்டை ஏற்காது, ஹுவாவியின் என்எம் கார்டுதான் வேண்டும்.

2019 மே மாதம் அமெரிக்க வர்த்தகத் திணைக்களம் ஹுவாவியைத் தடைப்பட்டியலில் போட்டது. அன்ட்ரொய்டின் அடித்தளம் திறந்த மூலம், யாரும் எடுக்கலாம். பிளே ஸ்டோரும் அறிவித்தல் சேவையும் கூகிளின் தனிச்சொத்து, அவற்றுக்கு உரிமம் வேண்டும். தடைக்குப் பிறகு ஹுவாவியின் புது மாடல்கள் பெரும்பாலானவற்றுக்கு அதைக் கொடுக்கக் கூகிளால் முடியவில்லை. தடைக்கு முன்பு வந்த பி30இல் கூகிள் உண்டு, சற்றுப் பின்னால் வந்த நோவா 5டியிலும் உண்டு. 2019 செப்ரெம்பரில் அறிமுகமான மேட் 30இலும் 2020இல் வந்த உங்கள் பி40இலும் இல்லை. 2020 நவம்பரில் ஹுவாவியின் துணை வணிகப் பெயரான ஹானர் விற்கப்பட்டுத் தனிக் கம்பனியானது; 2021இன் ஹானர் 50 மீண்டும் கூகிளோடு வந்தது. ஆகவே "ஹுவாவி என்றாலே வேண்டாம்", "ஹானர் என்றால் பிரச்சினையில்லை" என்ற இரண்டு பேச்சும் பிழை. மாடலையும் ஆண்டையும் பார்க்க வேண்டும். சீனாவிலிருந்து யாராவது ஹுவாவியின் ஹார்மனி நெக்ஸ்ட் உள்ள போன் கொண்டுவந்தால் வாங்கவே வேண்டாம். 2024 ஒக்ரோபரில் வெளியான அந்த இயங்குதளம் அன்ட்ரொய்ட் ஆப்களை நேரடியாக இயக்காது.

ஆப் இல்லாத குழிக்குள் ஹுவாவி தள்ளப்பட்டது. நொக்கியா தானாகப் போய் விழுந்தது. தன் பழைய இயங்குதளமான சிம்பியனிலிருந்து புதிய மீகோவுக்குப் போகும்போது ஆப் எழுதுகிறவர்கள் சிரமப்படாமல் இருக்க, 2008இல் வாங்கிய கியூடி என்ற ஆப் எழுதும் கருவியைப் பாலமாக வைத்திருந்தார்கள். 2011 பெப்ரவரியில் அந்தப் பாலத்தை உடைத்துவிட்டு மைக்ரோசொப்டின் விண்டோஸ் போன் இயங்குதளத்துக்குத் தாவினார்கள். அடுத்த ஆண்டே விண்டோஸ் போன் 8 வந்தது. அதன் அடித்தளமே வேறு என்பதால், அதுவரை விற்ற விண்டோஸ் போன்களான லூமியா 800, 900 எதற்கும் அது ஏறாது என்றார்கள். அமெரிக்காவில் லூமியா 900 கடைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது! அன்ட்ரொய்டுக்குப் போயிருந்தால் நொக்கியா தப்பியிருக்கும் என்று இன்றும் வாதிடுகிறார்கள். சாம்சங்கோடு விலைப்போட்டியில் நின்று பிடித்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். ஆனால் வாங்கியவர்களும் ஆப் எழுதியவர்களும் இரண்டே ஆண்டுக்குள் இரண்டு தடவை நடுத்தெருவில் விடப்பட்டிருக்க மாட்டார்கள். 2019 டிசெம்பர் 31ஓடு வட்ஸ்அப்பும் விண்டோஸ் போன்களைக் கைவிட்டது. உங்கள் லூமியாவின் பற்றரியிலோ திரையிலோ குறையில்லை. அதற்கு ஆப் எழுத ஆள் இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

அடுத்த போனுக்குக் கமராவை இரண்டாவதாக வையுங்கள். முதலில் பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு முடியும் என்று கேளுங்கள். சாம்சங் 2024இல் வெளியிட்ட ஏ06க்கு நான்கு ஆண்டு என்றது, ஏ16க்கு ஆறு ஆண்டு. இந்தக் கணக்கு போன் வெளியான நாளிலிருந்து ஓடும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. இரண்டு ஆண்டு கழித்து மலிவாகப் போட்டிருக்கும் ஏ06இல் மிஞ்சியிருப்பது பாதி. ஒவ்வொரு போனின் விலையையும் அதன் மீதி ஆண்டுகளால் பிரித்துப் பாருங்கள், எது மலிவு என்று தெரிந்துவிடும். நினைவகம் 4 ஜிபிக்கும் சேமிப்பு 128 ஜிபிக்கும் குறைய வேண்டாம். வட்ஸ்அப் குழுக்களில் வரும் காணொளிகளே 32 ஜிபி போனை நிரப்பிவிடும். அம்மா அப்பாவுக்குப் பொத்தான் போன் தேடுகிறவர்கள், காய்ஓஎஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் பொத்தான் போன்களில் வட்ஸ்அப் இனிக் கிடையாது என்பதை மனதில் வையுங்கள்.

கடையிலேயே, காசு கொடுக்க முதல், பிளே ஸ்டோரைத் திறந்து அமைப்புகளில் "பற்றி" என்ற பகுதியில் சான்றளிக்கப்பட்ட கருவி என்று இருக்கிறதா பாருங்கள். *#06# அடித்து, ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்ஈஐ எண்ணை எடுங்கள். ஆங்கில எழுத்தில் IMEI என்று போட்டு, இடைவெளி விட்டு, அந்த எண்ணை 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பதில் வரும். வெளிநாட்டிலிருந்து வந்த போனுக்கு இது முக்கியம், உங்கள் பி40க்கும் ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். பாவித்த போன் என்றால், விற்பவர் தன் கூகிள் கணக்கை உங்கள் கண்முன்னே நீக்கிவிட்டு ரீசெட் செய்ய வேண்டும். கணக்கு இருக்கும்போதே அழித்த போன், திரும்ப இயங்கும்போது பழைய சொந்தக்காரரின் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடக்கூடும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ அந்த மாடலுக்குத் திரை கிடைக்குமா, என்ன விலை என்றும் அப்போதே கேளுங்கள். பி40ஐ விற்க அவசரப்பட வேண்டாம். கமராவுக்கும் உலாவிக்கும் அது இன்னும் நல்ல போன்தான்.