செர்ட்ரலின் பாதிதான் கேட்கிறது என்றால்
களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதியிருந்தீர்கள்: மனச்சோர்வுக்குத் தந்த செர்ட்ரலின் குளிசை 50 மில்லிகிராம், மூன்று மாதம், அழுகை நின்றது, நித்திரையும் பசியும் இன்னும் இல்லை. குளிசை சரியில்லை என்று இப்பவே முடிவு கட்டாதீர்கள். 50 தொடக்க அளவுதான். வைத்தியர் 200 வரை கூட்டலாம். கூட்டி நாலு தொடக்கம் ஆறு கிழமை பார்த்தும் சரிவராவிட்டால் வென்லாஃபாக்சின் போல வேறு வகை மனச்சோர்வுக் குளிசைக்கு மாற்றுவார்கள், அல்லது இரவில் மிர்டாசபின் என்ற இன்னொரு மனச்சோர்வுக் குளிசையைச் சேர்ப்பார்கள். உங்கள் நிலையில் நான் என்றால் மிர்டாசபினைப் பற்றித்தான் கிளினிக்கில் கேட்பேன். நித்திரை வரும், பசிக்கும். உடம்பும் வைக்கும், அது வேறு கதை. தைராய்டுக் கோளாறாலும் மனச்சோர்வு வரலாம், அதற்கு இரத்தம் சோதித்தார்களா? மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குப் போகும்போது, நாட்டு மருந்து ஏதும் குடித்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நீங்களாகக் குளிசையை நிறுத்த வேண்டாம், தலை சுற்றும். சாகும் எண்ணம் வந்தால் கிளினிக் நாள் வரை காத்திராமல் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள்.