நிகான் பி900 கையில் இருக்கும்போது பி950 வாங்குவது தண்டமா?

கேட்டவர் மதுரைக்காரர். பழைய பி900 கேமரா வைத்திருக்கிறார், விடுமுறை நாளில் கண்மாய்க் கரைகளில் பறவைப் படம் எடுக்கிறார். "முழு ஜூமில் படம் மொழுக்கென்று வருகிறது, இறகு தெரியவில்லை. பி950-க்கு மாறினால் தெளிவாக வருமா?" என்பது கேள்வி.

நீங்கள் வெயில் ஏறிய பிறகு எடுக்கிறீர்கள் என்றால், வராது. விடிந்தும் விடியாமலும் எடுத்தே அப்படி வருகிறது என்றால், ஓரளவு வரும். இந்த இரண்டில் நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள்.

நான் பி900 ஆள். என் மச்சினன் பி950 வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே வண்டியில் போய், ஒரே கரையில் நின்று, ஒரே பறவையை எடுத்து, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சண்டை போடுவது எங்கள் வழக்கம். அந்தச் சண்டையில் தேறியதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் எது மாறவில்லை என்று பார்த்துவிடலாம். பி900 வந்தது 2015-ல், பி950 வந்தது 2020-ல். இடையில் ஐந்து வருடம். ஆனால் இரண்டிலும் அதே 83 மடங்கு ஜூம், அதே 24 முதல் 2000 மி.மீ வரையிலான வீச்சு, ஒளி நுழைய அதே எஃப் 2.8 முதல் 6.5 வரையிலான துவாரம் (எண் சிறிதானால் துவாரம் பெரிது), அதே 16 மெகாபிக்ஸல். சென்சாரும் அதே குட்டிச் சென்சார்தான்: அகலம் 6 மி.மீ சொச்சம், உயரம் நாலரை மி.மீ. முன்னால் மாட்டும் ஃபில்டர்கூட இரண்டுக்கும் 67 மி.மீதான், என் ஃபில்டரை அவன் கடன் வாங்கி மாட்டிக்கொள்கிறான்.

2000 மி.மீ என்பது பெரிய சென்சார் கேமராவோடு ஒப்பிட்டுச் சொல்லும் கணக்கு. லென்ஸின் உண்மையான குவிதூரம் 357 மி.மீ. அந்தக் கோடியில் துவாரம் எஃப் 6.5-க்கு மேல் திறக்காது. அவ்வளவு சிறிய சென்சாரில் எஃப் 6.5 என்றால், ஒளி அலையின் இயல்பினாலேயே ஒரு புள்ளி புள்ளியாக விழாமல் ஆறு பிக்ஸல் அகலத்துக்குப் பரவிவிடும். அதனால் முழு ஜூமில் பிக்ஸல் அளவுக்குத் துல்லியத்தை எந்தப் புது மாடலும் தந்துவிட முடியாது. நிகான் 16-லேயே நின்றுகொண்டது நியாயம்தான் என்பேன்.

இனி நம் ஊர்ச் சிக்கல். மதுரை வெயிலில் 2000 மி.மீ படத்தைக் கெடுப்பது கேமரா இல்லை, கானல். தரை சூடாகி, அதன் மேல் காற்று நெளிய ஆரம்பித்துவிட்டால், உங்களுக்கும் பறவைக்கும் நடுவே உள்ள அத்தனை காற்றையும் தாண்டித்தான் லென்ஸ் பார்க்கிறது. மார்கழியில் ஒன்பது மணி வரைகூடத் தாங்கும். சித்திரையில் ஏழரைக்கே கதை முடிந்தது. தண்ணீர் பரப்பின் மேல் கொஞ்சம் பரவாயில்லை. பாறை, தார் ரோடு, காய்ந்த வயல் இவற்றின் மேல் மோசம். அரிட்டாபட்டியில் பத்து மணிக்கு மேல் மலை முகட்டில் உட்கார்ந்திருக்கும் ஷாஹீன் வல்லூறை எடுத்துப் பாருங்கள். பத்துப் படம் எடுத்தால் பத்திலும் அதற்கு வேறு வேறு மூக்கு இருக்கும். இதற்கு பி950 மட்டுமல்ல, லட்சக்கணக்கில் விலையுள்ள லென்ஸும் மருந்தில்லை.

சரி, காலையிலேயே போய்விடலாம் என்றால் அங்கே வேறு பஞ்சம். காற்று சுத்தமாக இருக்கும் நேரத்தில் வெளிச்சம் இல்லை. வெளிச்சம் வந்தால் காற்று கெட்டுவிடுகிறது. அதிர்வுத் தடுப்பு பி900-ல் 5 ஸ்டாப், பி950-ல் 5.5 ஸ்டாப் என்று போட்டிருப்பார்கள் (ஒரு ஸ்டாப் என்றால் ஷட்டரை இரண்டு மடங்கு நேரம் திறந்து வைக்கலாம்). அது நம் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும். பறவை தலையைத் திருப்புவதை நிறுத்தாது. அதற்கு ஷட்டர் நொடியில் 500-ல் ஒரு பங்கு வேகத்திலாவது ஓட வேண்டும். எஃப் 6.5, விடியற்காலை, நொடியில் 500-ல் ஒரு பங்கு என்றால், சென்சாரின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 800-க்கும் 1600-க்கும் ஏறிவிடும். இந்தச் சென்சாருக்கு அது ரொம்ப அதிகம். படத்தில் மணல் மணலாகப் புள்ளி வரும். அந்தப் புள்ளியைக் கேமரா தானாகவே தேய்த்து அழிக்கும். அப்படித் தேய்க்கும்போது இறகின் கோடுகளும் சேர்ந்து அழிந்துபோகும். உங்கள் 'மொழுக்' பெரும்பாலும் இதுதான்.

இந்த இடத்தில்தான் பி950-க்கு உண்மையான வேலை இருக்கிறது. பி900 ஜேபெக் மட்டும் தரும்; தேய்த்து முடித்த படம்தான் உங்கள் கைக்கு வரும். பி950-ல் ரா எடுக்கலாம். சென்சார் பார்த்ததை அப்படியே வாங்கி, எவ்வளவு தேய்க்கலாம் என்பதை வீட்டில் நாமே முடிவு செய்யலாம். கரை ஓரத்தில் பாம்புத்தாரா இறகை விரித்துக் காய வைத்திருக்கும். பின்னால் தண்ணீர் பளபளக்கும், பறவை கறுப்பாக நிற்கும். அப்படியான படங்களில் அவனுடைய ராவிலிருந்து முதுகின் வெள்ளிக் கோடுகளை வெளியே இழுக்க முடிகிறது, என் ஜேபெக்கில் முடிவதில்லை. இதில் நான் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரா என்றால் ஒவ்வொரு படத்துக்கும் கம்ப்யூட்டர் முன் உட்கார வேண்டும். நிகானின் என்எக்ஸ் ஸ்டுடியோ இலவசம்தான், உங்கள் நேரம் இலவசமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். எடுத்தவுடன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு இட்லி சாப்பிடப் போகிறவர் என்றால் ராவுக்காகக் காசு கொடுக்காதீர்கள்.

ராவை விடவும் எனக்குப் பொறாமை வந்தது வியூஃபைண்டரில், அதாவது கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்கும் குட்டித் திரையில். பி900-ல் இருப்பது 0.2 அங்குலம், சுமார் 9 லட்சம் புள்ளிகள். சுவரில் உள்ள ஓட்டை வழியாகத் தெருவைப் பார்ப்பது மாதிரி இருக்கும். பி950-ல் 0.39 அங்குல ஓஎல்இடி, சுமார் 23.6 லட்சம் புள்ளிகள். எண்களில் இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் நம் ஊர் வெயிலில் பின்புறத் திரை தெரியாது. கண்ணை ஒட்டி வைத்தே ஆக வேண்டும். கேமராவை முகத்தோடு அழுத்திப் பிடித்தால்தான் கையும் ஆடாது. ஃபோகஸ் பறவையில் விழுந்ததா, பின்னால் உள்ள கருவேலங்கிளையில் விழுந்ததா என்று என்னுடையதில் ஊகிக்கத்தான் முடியும். அவனுடையதில் கண்ணால் பார்க்கலாம். இரண்டிலும் ஆட்டோ ஃபோகஸ் ஒரே மாதிரி மெதுவானதுதான். முள்ளுக்குள் இருக்கும் பறவை என்றால் இரண்டுமே முள்ளைத்தான் பிடிக்கும். பி950-ல் கையால் ஃபோகஸ் செய்ய லென்ஸின் பக்கவாட்டில் ஒரு சக்கரம் வைத்திருக்கிறார்கள். பெரிய வியூஃபைண்டரும் அந்தச் சக்கரமும் சேரும்போது, முள்ளைத் தாண்டிப் பறவைக்குப் போக வழி கிடைக்கிறது.

பி950-ன் தலையில் துணைக் கருவி மாட்டும் ஹாட் ஷூவும் உண்டு. அதில் நிகானின் டாட் சைட் ஒன்றை, அதாவது சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்க்கும் கருவியை, மாட்டலாம். 2000 மி.மீ-ல் தெரியும் வட்டம் அவ்வளவு குறுகியது. வானத்தில் பறப்பதைத் தேடிப் பிடிப்பதற்குள் அது அடுத்த ஊருக்குப் போய்விடும். சிவப்புப் புள்ளியைப் பறவை மேல் வைத்தால் அது சட்டத்துக்குள் இருக்கும். "மாமா, கெடைச்சுச்சா?" என்று அவன் கேட்கும்போதெல்லாம் நான் இன்னும் வானத்தைத் துழாவிக்கொண்டிருப்பேன். அந்த வசதி இல்லாதவர்களுக்கு வழி, லென்ஸின் பக்கத்தில் இருக்கும் ஸ்னாப்-பேக் பட்டன். அழுத்தினால் ஜூம் பின்வாங்கி அகலமாகக் காட்டும். விட்டால் திரும்ப முன்னே போகும். பி900-லும் இது இருக்கிறது. நிறையப் பேர் அதைத் தொடுவதே இல்லை.

பழையது ஜெயிக்கும் இடங்களும் உண்டு, கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார். பி900-க்குள்ளேயே ஜிபிஎஸ் இருக்கிறது. பி950-ல் எடுத்துவிட்டார்கள், போனோடு இணைத்து இடத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். எந்தக் கண்மாயில் எந்தப் பறவை என்று இ-பேர்டு என்ற இணையதளத்தில் பதிபவர்களுக்கு இது பெரிய இழப்பு. கம்பெனி கணக்குப்படி பி900 பேட்டரி ஒரு சார்ஜில் 360 படம், பி950 பேட்டரி 290 படம். பழைய பேட்டரி புதியதில் சேராது. நீங்கள் சேர்த்து வைத்த உபரிப் பேட்டரிகள் அத்தனையும் வீண். எடையும் 899 கிராமிலிருந்து ஒரு கிலோவைத் தாண்டிவிட்டது. கழுத்தில் மாட்டிக்கொண்டு கழிஞ்சமலை ஏறினால் அந்த நூறு கிராமும் கணக்கில் வரும்.

வீடியோ எடுப்பவர் என்றால் யோசிக்க வேண்டாம், பி950. 4கே இருக்கிறது, வெளி மைக் மாட்டலாம். பி900-ல் இரண்டும் இல்லை. ஜல்லிக்கட்டுக்கு எது நல்லது என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார்: வாடிவாசலைப் பார்த்த மேடையில் இடம் கிடைத்தால் இரண்டுமே வீடியோவுக்கு ஓடும், ஸ்டில்லுக்கு இரண்டுமே மாட்டைப் பின்னால் துரத்தும்.

நிலாவுக்காக மாறாதீர்கள். முழு ஜூமில் நிலா இரண்டிலும் சட்டத்தின் உயரத்தில் 70 சதவீதம்தான் நிரப்பும், ஏனென்றால் லென்ஸ் ஒன்றுதான். இதைக் கேட்டதும் சிலர் நிகானின் இன்னும் பெரிய கேமராவான பி1000 பக்கம் தாவுவார்கள். 3000 மி.மீ, 1415 கிராம். அதில் முழு நிலா சட்டத்துக்குள் அடங்காது. மேலும் கீழும் வெட்டுப்படும். மாடியில் டிரைபாட் போட்டு நிலாவும் வியாழனும் பார்ப்பவருக்குச் சரி. அதைக் கையில் பிடித்துக்கொண்டு சாமநத்தம் கண்மாயைச் சுற்றுவது என் உடம்புக்கு ஆகாது.

கோயில் கோபுரத்துச் சுதைச் சிற்பங்கள் எடுக்க என்று கேட்டிருந்தால் பதில் ஒரு வரிதான்: சித்திரை வீதியில் நின்று அண்ணாந்து எடுக்க 600 மி.மீ தாராளம், இருப்பதே போதும். சமணர் மலைப் பேச்சிப்பள்ளத்துச் சிற்பங்களுக்கும் வட்டெழுத்துக்கும் போன் போதும், பக்கத்திலேயே போய் நிற்கலாம்.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன், இது கேமரா மாற்றுவதை விடப் பெரிய வித்தியாசம் தரும். பஞ்சுருட்டான் வாலோடு சேர்த்து 20 செ.மீ இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மீட்டரில் நின்று முழு ஜூமில் எடுத்தால் அது சட்டத்தின் உயரத்தில் பாதியை நிரப்பும். 100 மீட்டரில் எடுத்தால் தலையிலிருந்து வால் வரை மொத்தமே சுமார் 540 பிக்ஸல். பாதி தூரம் நெருங்கினால் பறவை இரண்டு மடங்கு பெரிதாகிறது, நடுவே நெளியும் காற்றும் பாதியாகிறது. அதற்காக கூட்டுப் பக்கம் போகாதீர்கள். தண்ணீர் ஓரத்தில் புதரோடு புதராக உட்கார்ந்திருந்தால் பஞ்சுருட்டானே அதே கிளைக்குத் திரும்பத் திரும்ப வரும். அதன் குணம் அது.

ஆகவே வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். உங்கள் பி900-ல் டயலை ஏ (துவாரத்தை நாம் வைப்பது) அல்லது எஸ்ஸுக்கு (ஷட்டரை நாம் வைப்பது) திருப்புங்கள். மெனுவில் நாய்ஸ் ரிடக்ஷன் ஃபில்டர் என்று இருக்கும், அதை 'லோ'வில் வையுங்கள். படம் மணலாக வரும், பரவாயில்லை, இறகு மிஞ்சும். மணலைக் கம்ப்யூட்டரில் குறைத்துக்கொள்ளலாம். இந்த அமைப்பை டயலில் உள்ள யூ-வில் சேமித்துவிடலாம். துணிப்பையில் இரண்டு கிலோ அரிசி போட்டுக் கட்டி, மடைச் சுவரிலோ வண்டி சீட்டிலோ வைத்து, அதன் மேல் லென்ஸைச் சாயுங்கள். சூரியன் வந்து ஒரு மணி நேரத்துக்குள், 40 மீட்டருக்குள் இருக்கும் பறவையை மட்டும் எடுங்கள். இதற்குப் பிறகும் மொழுக் என்று இருந்தால், அப்போது பிரச்சினை ஜேபெக்கில் இருக்கிறது. பி950-க்குக் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

பழைய பி950 ஒன்றை யாராவது விற்கிறார்கள் என்றால் வெளித்தோற்றத்தைப் பார்க்காதீர்கள். லென்ஸை முழுக்க நீட்டி, போன் டார்ச்சை முன்பக்கமிருந்து அடித்து, உள்ளே தூசியோ பூஞ்சையோ இருக்கிறதா பாருங்கள். ஜூம் வெளியே வரும்போது காற்றை உள்ளே இழுக்கும், கண்மாய்க் கரைத் தூசி அந்த வழியில்தான் போகும். வெள்ளைச் சுவரை முழு ஜூமில் எடுத்து, கறுப்புப் பொட்டு தெரிகிறதா பாருங்கள். ஜூமை முன்னும் பின்னும் பலமுறை ஓட்டி, எங்காவது தயங்குகிறதா என்று காதால் கேளுங்கள். உங்கள் மெமரி கார்டைப் போட்டு தெருக்கோடி போர்டு ஒன்றை இரண்டு கேமராவிலும் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். விலை பேசுவதை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.