டேட்டாஷீட் இல்லாத பழைய ஓவன் கிரிஸ்டல் ஆசிலேட்டருக்கு எப்படி பவர் கொடுத்துச் சோதிப்பது?

கேள்வி இது: புனலூர் ஆக்கிரிக் கடையில், கழற்றிப் போட்ட செல்போன் டவர் கார்டுகளுக்கு நடுவே 10 மெகாஹெர்ட்ஸ் ஓசிஎக்ஸ்ஓ (ஓவன் கிரிஸ்டல் ஆசிலேட்டர், கிரிஸ்டலை ஒரே சூட்டில் வைத்து ஃப்ரீக்வன்சியை அசையாமல் காப்பது) ஒன்று கிடைத்திருக்கிறது. ஐந்து கால். லேபிள் பாதி அழிந்துவிட்டது. எத்தனை வோல்ட் கொடுக்கலாம், நல்ல நிலையில் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் செங்கோட்டையில் ஹாம் ரேடியோ வைத்திருக்கிறேன். இந்தத் தகர டப்பாக்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஒரு காலத்தில் பெரிய விலை போன சாமான், இன்று எடைக்கு வருகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடைக்காரரிடம் அந்தக் கார்டு இன்னும் இருந்தால், அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். டேட்டாஷீட்டை விட அது உதவும். ஓசிஎக்ஸ்ஓ உட்கார்ந்திருந்த இடத்தைப் பாருங்கள். அகலமான செம்புத் தடமும் பக்கத்திலேயே பெரிய டான்டலம் கெபாசிட்டரும் இருக்கிற கால் சப்ளை. ஆப்-ஆம்ப் அல்லது டிஏசி (டிஜிட்டல் எண்ணை வோல்டேஜாக மாற்றும் ஐசி) பக்கமிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக மெல்லிய தடம் வரும் கால் டியூனிங், அதாவது ஃப்ரீக்வன்சியைச் சற்றே நகர்த்த வோல்டேஜ் கொடுக்கும் கால். அந்த சப்ளைத் தடத்தைப் பின்தொடர்ந்து போனால் ரெகுலேட்டர் ஐசி வரும், அதன் நம்பரே வோல்டேஜைச் சொல்லிவிடும்.

கார்டு இல்லையென்றால் டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள். நான்கு கால்களைச் சுற்றி சின்னக் கண்ணாடி வளையம் இருக்கும். வளையம் இல்லாமல் அடித்தகட்டோடு நேராக வெல்டு ஆகியிருப்பது கிரவுண்ட். மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். மீதி நான்கும் பொதுவாக சப்ளை, அவுட்புட், டியூனிங், ரெஃபரன்ஸ் வோல்டேஜ் (டப்பாவே வெளியே தரும் நிலையான வோல்டேஜ்).

வோல்டேஜ் பெரும்பாலும் 5 அல்லது 12. பழைய சரக்கில் 24-ம் உண்டு. மொரியான் எம்வி89ஏ என்றால் 12, சிடிஐ ஓஎஸ்சி5ஏ2பி02 என்றால் 5. எச்பி 10811 மட்டும் வேறு ஜாதி. அதில் ஹீட்டருக்குத் தனி சப்ளை, ஆசிலேட்டருக்குத் தனி சப்ளை. எதுவுமே தெரியாவிட்டால் கரன்ட் லிமிட் உள்ள பெஞ்ச் சப்ளையை 1 ஆம்பியருக்கு வைத்து, 5 வோல்ட்டில் ஆரம்பியுங்கள். 5 வோல்ட் சரக்காக இருந்தால் அங்கேயே அரை ஆம்பியருக்குப் பக்கமாக இழுத்து, சில நிமிடங்களில் தானாக இறங்கும். அப்படியானால் அதற்கு மேல் ஏற்றவே வேண்டாம். இறங்கவில்லை, அவுட்புட்டும் வரவில்லை என்றால் ரெஃபரன்ஸ் காலில் மீட்டரை வைத்துக்கொண்டு மெதுவாக ஏற்றுங்கள். சப்ளை ஏறியும் ரெஃபரன்ஸ் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் வேலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

முதல் நாள் ஃப்ரீக்வன்சியைப் பார்க்கவே வேண்டாம், கரன்ட்டை மட்டும் பாருங்கள். உள்ளே கிரிஸ்டலை 75, 80 டிகிரி செல்சியஸ் அளவில் ஒரே சூட்டில் வைக்க ஹீட்டரும் தெர்மிஸ்டரும் இருக்கின்றன. அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில்தான் கிரிஸ்டலின் ஃப்ரீக்வன்சி வெப்பத்துக்கு அசையாமல் இருக்கும். பவர் கொடுத்ததும் ஹீட்டர் முழு மூச்சாக இழுக்கும், முள் ஆடாமல் நிற்கும். மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் சட்டென்று சரிந்து, கொஞ்சம் அதிகமாகவே கீழே போய், திரும்ப ஏறி, ஆரம்பத்தில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு என்று அமரும். இந்தச் சரிவைப் பார்த்துவிட்டால் ஓவன் நன்றாக இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். கால் மணி நேரம் ஆகியும் இறங்காமல், தொட முடியாத அளவுக்கு டப்பா கொதித்தால் தெர்மிஸ்டர் பக்கம் கோளாறு, உடனே அணைத்துவிடுங்கள். சில பத்து மில்லியாம்பியர் மட்டும் இழுத்துக்கொண்டு டப்பா சில்லென்று இருந்தால் ஹீட்டர் போயிருக்கிறது. அதில் அவுட்புட் வந்தாலும் அது சாதாரண கிரிஸ்டல் ஆசிலேட்டர்தான்.

அடுத்து, பலர் "கிரிஸ்டல் மோசம்" என்று தூக்கிப் போடுவதற்குக் காரணமாக இருக்கும் விஷயம்: கிரவுண்ட் வயர். டியூனிங் காலில் 0-விலிருந்து 4 வோல்ட் கொடுத்தால் ஃப்ரீக்வன்சி 4 ஹெர்ட்ஸ் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1 மில்லிவோல்ட்டுக்கு 0.001 ஹெர்ட்ஸ், அதாவது 1000 கோடியில் ஒரு பங்கு. இப்போது ஹீட்டர் கரன்ட் 100 மில்லியாம்பியர் மாறுகிறது, கிரவுண்ட் வயரின் ரெசிஸ்டன்ஸ் 0.05 ஓம் என்றால் அங்கேயே 5 மில்லிவோல்ட் வித்தியாசம் வந்துவிடும். கிரிஸ்டல் ஒரு தப்பும் செய்யவில்லை, ஆனால் ஃப்ரீக்வன்சி ஆடுகிறது. ஆகவே டியூனிங் பொட்டென்ஷியோமீட்டரின் கிரவுண்டைத் தனி வயரில் ஓசிஎக்ஸ்ஓ-வின் கிரவுண்ட் காலிலேயே சாலிடர் செய்யுங்கள். மேல்முனையை ரெஃபரன்ஸ் காலிலும் நடுமுனையை டியூனிங் காலிலும் கொடுங்கள். 10 கிலோ ஓம் மல்டிடர்ன் டிரிம்மர் போதும். டியூனிங் காலை அந்தரத்தில் விடக் கூடாது.

சப்ளைக்கு லீனியர் ரெகுலேட்டர், தாராளமான ஹீட்சிங்க். 7812 (12 வோல்ட் ரெகுலேட்டர் ஐசி) என்றால் உள்ளே 14.5 வோல்ட்டாவது வர வேண்டும். மாலையில் லைன் வோல்டேஜ் இறங்குகிற தெருவாக இருந்தால் டிரான்ஸ்ஃபார்மரை அதற்கேற்ப எடுங்கள். சைன் அவுட்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 50 ஓம் ரெசிஸ்டரைக் கட்டாயம் போடுங்கள். 7 டிபிஎம் (5 மில்லிவாட்) சரக்கு என்றால் ஸ்கோப்பில் உச்சிக்கு உச்சி 1.4 வோல்ட் தெரியும்.

ஒரு வாரம் அணைக்காமல் ஓட விட்டபின் ஃப்ரீக்வன்சிக்கு வாருங்கள். மலிவு கவுன்டருக்கே 10 ஹெர்ட்ஸ் தப்பு இருக்கும், அதை வைத்து இதை அளக்க முடியாது. ஜிபிஎஸ் மாட்யூல் போதும். யூபிளாக்ஸ் நியோ-6எம் மாட்யூலின் டைம்பல்ஸை (ஜிபிஎஸ் நேரத்தோடு ஒத்து வரும் துடிப்பு) யூ-சென்டர் மென்பொருளில் 1 கிலோஹெர்ட்ஸாக மாற்றி, அதில் ஸ்கோப்பை டிரிகர் செய்து, இன்னொரு சானலில் ஓசிஎக்ஸ்ஓ-வைப் பாருங்கள். அலை கொஞ்சம் நடுங்கும், பரவாயில்லை. மொத்தமாக எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் கணக்கு. ஒரு முழு அலை நகர 10 விநாடி என்றால் 10 கோடியில் ஒரு பங்கு தப்பு. 100 விநாடி என்றால் 100 கோடியில் ஒரு பங்கு. டிரிம்மரைத் திருப்பி அதுவரை கொண்டுவந்துவிட்டால் நம் வேலைக்கு ஏராளம். மேற்கே 30 டிகிரி உயரத்தில் நிற்கும் க்யூஓ-100 என்ற ஹாம் ரேடியோ செயற்கைக்கோளை 10,489 மெகாஹெர்ட்ஸில் கேட்கும்போது, 10 கோடியில் ஒரு பங்கு தப்பே 100 ஹெர்ட்ஸ்தான் விலக்கும். சாதாரண கிரிஸ்டலில் 10 லட்சத்தில் ஒரு பங்கு தப்பு வந்தால் விலகல் 10 கிலோஹெர்ட்ஸ். அந்த இடைவெளியில் நாலு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள்.

நம் பக்கத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. ஜூனில் ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் காற்று ஜன்னல் திறந்திருந்தால் நேரே டப்பா மேல் அடிக்கும். சாரல் விழும்போது அலை ஒரு பக்கமாக ஓடுவதை ஸ்கோப்பிலேயே பார்க்கலாம். ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடினால் சரியாகிவிடும். தெர்மோகோலில் இறுக்கிச் சுற்ற வேண்டாம். சூடு வெளியே போக வழியில்லாவிட்டால் ஹீட்டர் முழுவதும் அணைந்தும் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும், ஓவனுக்குக் கட்டுப்பாடு போய்விடும்.

கரன்ட் கட்டும் ஒரு பிரச்சினை. ஒவ்வொரு முறை அணைந்து எழும்போதும் பழைய இடத்துக்கு அப்படியே திரும்பாது, சில மணி நேரம் எடுத்து, சற்றுத் தள்ளி நிற்கும். அதனால் இரண்டு டப்பாவில் ஒன்றை எடுக்கலாம் என்றால் 5 வோல்ட் டப்பாவை எடுங்கள். 12 வோல்ட் இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்தே ஒரு லீனியர் ரெகுலேட்டர் வைத்து நாள் முழுக்க ஓட்டலாம். 12 வோல்ட் சரக்குக்கு இரண்டு பேட்டரியை சீரிஸில் போட வேண்டியிருக்கும்.