இங்கிலீஷ் சுருக்கங்களில் அபாஸ்ட்ரபி: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: டிட் நாட் என்பதைச் சுருக்கும்போது அபாஸ்ட்ரபி (') குறியை டிட் முடிந்ததும் போடுவதா, “என்” என்ற எழுத்துக்கு அப்புறமா? இரண்டு விதமாகவும் எழுதுகிறார்களே.

பதில்: “என்” எழுத்துக்கு அப்புறம்தான். இரண்டு சொல் ஒட்டிய இடத்துக்கு இந்தக் குறி இல்லை, எழுத்து விழுந்த இடத்துக்குத்தான். நாட் என்பதன் நடுவில் இருந்த “ஓ” போய்விட்டது, அது நின்ற இடத்தில் குறி நிற்கிறது. ஐ ஆம் என்பதில் “ஏ” போய் ஐ'ம் ஆகிறது. வீ வில் என்பதில் “டபிள்யூ”, “ஐ” இரண்டும் போகின்றன, ஆனாலும் குறி ஒன்றுதான். தமிழிலும் பாட்டு, இல்லை என்ற இரண்டும் சேர்ந்தால் உகரம் கெட்டுப் பாட்டில்லை என்றாகிறது, ஆனால் கெட்ட இடத்தில் நாம் எந்த அடையாளமும் வைப்பதில்லை. அதனால் இந்தப் பழக்கம் நம் கைக்கு வரக் கொஞ்ச நாளாகும்.

கேள்வி: அப்படியென்றால் வில் நாட் எப்படி வோன்'ட் ஆனது? விழுந்த எழுத்தை வைத்துப் பார்த்தால் கணக்கு சரியாக வரவில்லையே.

பதில்: வராது, ஏனென்றால் அது இன்றைய வில் என்பதிலிருந்து வந்ததில்லை. நடுக்கால இங்கிலீஷில் வில் என்பதற்கு வோல் என்றும் ஒரு வடிவம் இருந்தது, அதன் மிச்சம்தான் இது. ஷேல் நாட் என்பதன் சுருக்கமான ஷான்'ட் இன்னும் சுவாரசியம்: ஷேலின் கடைசி எழுத்துகளும் விழுகின்றன, நாட்டின் “ஓ”வும் விழுகிறது, அதனால் ஒரு காலத்தில் இரண்டு குறி போட்டே எழுதியவர்கள் உண்டு. இன்று ஒன்று போதும்.

கேள்வி: சார், இட்ஸ், இட்'ஸ் இரண்டும் எப்போதும் குழப்புகிறது.

பதில்: விரித்துப் படித்துப் பாருங்கள். இட் இஸ் அல்லது இட் ஹேஸ் என்று படித்துப் பொருள் வந்தால் குறி உண்டு, வராவிட்டால் இல்லை. “தி டாக் வேக்ட் இட்ஸ் டெய்ல்” என்பதில் இட் இஸ் டெய்ல் என்று படித்தால் வாக்கியமே உடைந்துவிடும். ஒருவருடைய பெயரோடு உடைமையைச் சொல்லும்போது குறி போடுகிறோம், அந்தப் பழக்கத்தில் கை இங்கேயும் போகிறது. ஹிஸ், ஹெர்ஸ், அவர்ஸ் எதற்கும் குறி கிடையாது, இட்ஸும் அந்தக் கூட்டம். யுவர், யூ'ஆர் குழப்பமும் இப்படியே தீரும்.

கேள்வி: ஹீ'ட் என்று வந்தால் அது ஹேடா, வுடா?

பதில்: அடுத்து வரும் வினைச்சொல்லைப் பாருங்கள். ஹீ'ட் கோ என்றால் வுட், ஹீ'ட் கான் (கோ என்பதன் மூன்றாம் வடிவம்) என்றால் ஹேட். பின்னால் பெட்டர் வந்தால், அதற்கடுத்த வினை எப்படி இருந்தாலும் ஹேட்தான், இங்கேதான் நிறைய பேர் வுட் என்று விரித்துவிடுகிறார்கள். கட், புட், கம் போன்ற வினைகள் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும், அப்போது முன்பின் வாக்கியங்களைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஹீ'ஸ் என்பதும் இப்படித்தான்: பின்னால் பீன் வந்தால் ஹேஸ், கமிங் வந்தால் இஸ்.

கேள்வி: ஷுட் ஆஃப் சரியா?

பதில்: தப்பு. ஷுட்'வ், அதாவது ஷுட் ஹேவ். வேகமாகப் பேசும்போது காதில் ஆஃப் மாதிரி விழுகிறது, அவ்வளவுதான். இதை மட்டும் தயவுசெய்து எழுத்தில் விடாதீர்கள்.

கேள்வி: “ஆர் யூ ரெடி?” என்று கேட்டால் “யெஸ், ஐ'ம்” என்று சொல்லலாமா?

பதில்: கூடாது. அங்கே அழுத்தம் முழுக்க ஆம் மேல் விழுகிறது, அழுத்தம் விழும் சொல்லைச் சுருக்க முடியாது. “யெஸ், ஐ ஆம்” என்றே சொல்லுங்கள். ஆனால் “நோ, ஐ'ம் நாட்” சரி, டூ என்று தொடங்கும் கேள்விக்கு “நோ, ஐ டோன்'ட்” கூடச் சரி.

கேள்வி: “டோன்'ட் யூ நோ?” என்பதை விரித்தால் “டூ நாட் யூ நோ?” தானே?

பதில்: இல்லை, “டூ யூ நாட் நோ?” சுருக்கத்தில் நாட் முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும், விரித்ததும் யூவைத் தாண்டிப் பின்னால் போய்விடும். “ஆரன்'ட் ஐ?” என்பதை விரித்தால் ஆர் என்பதே காணாமல் போய் “ஆம் ஐ நாட்?” என்றாகும்.

கேள்வி: அலுவலகக் கடிதத்தில் சுருக்கங்கள் வரலாமா?

பதில்: சக ஊழியருக்கு எழுதும் மெயிலில் தாராளமாக. விண்ணப்பம், ஆய்வுக் கட்டுரை, ஒப்பந்தம் என்றால் விரித்தே எழுதுங்கள். ஆனால் ஓ'க்ளாக் மட்டும் எங்கேயும் அப்படியே இருக்கும், அதை ஆஃப் தி க்ளாக் என்று விரித்து இன்று யாரும் எழுதுவதில்லை.