குறைந்த செலவில் ஹாலோவீன் விருந்துக்கு வீட்டிலேயே அலங்காரப் பொருட்கள் செய்வது எப்படி?

பேய் பிசாசு வேடங்களோடு அக்டோபர் 31இல் கொண்டாடும் ஹாலோவீனுக்கு முதன்முறையாக வீட்டில் விருந்து வைக்கப் போவதாகவும், கடையில் விற்கும் பொம்மைகளை வாங்கிக் குவிக்காமல் எவற்றையெல்லாம் நாமே செய்துகொள்ளலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நியூ ஜெர்சியில் வசிக்கும் நாங்கள் ஆறு ஆண்டுகளாக, அக்டோபர் 31க்கு முந்தைய சனிக்கிழமையன்று, மகளின் பள்ளித் தோழர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் அழைத்து இந்த விருந்தை நடத்தி வருகிறோம். பொம்மை எவ்வளவு நுணுக்கமாகச் செய்யப்பட்டிருக்கிறது என்பதைவிட, அதன்மீது வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்பதே பார்ப்பவரை நடுங்க வைக்கிறது என்பதை இந்த ஆறு ஆண்டுகளில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். ஆகவே உங்கள் பணத்தில் முதல் பங்கை விளக்குகளுக்கு ஒதுக்குங்கள்.

சூரியனும் கூரை விளக்கும் மேலிருந்தே ஒளி தருவதால், புருவத்தின் நிழல் கண்மீதும் மூக்கின் நிழல் உதட்டின்மீதும் விழும் முகங்களுக்கே நம் கண் பழகியிருக்கிறது. அதே ஒளி கீழிருந்து வந்தால், நன்கு தெரிந்த முகம்கூட அந்நியமாகிவிடும். எனவே வாசலில் எரியும் வழக்கமான வெள்ளை விளக்கை அணைத்துவிட்டு, நீல நிற எல்.இ.டி. விளக்கு ஒன்றைத் தொலைவில் தாழ்வாக வைத்து, முற்றம் முழுவதும் நிலவொளி போலப் படரவிடுங்கள். பிறகு, முக்கியமான உருவங்களுக்கு மட்டும் பச்சை அல்லது ஆரஞ்சு நிறச் சிறு விளக்கைத் தரையிலிருந்து மேல்நோக்கித் திருப்பி வையுங்கள். ஒவ்வொரு உருவத்திலும் பாதி இருட்டிலேயே இருக்கட்டும். எங்கள் ஊரில் அக்டோபர் இறுதியில் மாலை ஆறு மணியளவில் சூரியன் மறைந்துவிடுவதால், விருந்து தொடங்கும்போதே இருள் நமக்குத் துணையாகிவிடுகிறது.

செய்பொருட்களில் நான் மிகவும் விரும்புவது கல்லறைக் கற்கள். வீட்டுச் சுவருக்கு வெப்பக்காப்பாக வைக்கும் இளஞ்சிவப்பு அல்லது நீல நிறக் கெட்டி ஃபோம் பலகை, கட்டுமானப் பொருட்கள் விற்கும் கடைகளில் நான்கடிக்கு எட்டடி அளவில் கிடைக்கும். இரண்டு அங்குலத் தடிமன் உள்ளதை வாங்கினால், 16 அங்குல அகலமும் 24 அங்குல உயரமும் கொண்ட 12 கற்களை ஒரே பலகையில் வெட்டிவிடலாம். வெள்ளைத் தெர்மாகோலைத் தவிர்த்துவிடுங்கள். அது மணிமணியாக உதிரும், எழுத்துச் செதுக்க இடம் கொடுக்காது. வடிவத்துக்கு நான் எடுத்துக்கொண்ட முன்மாதிரி, பாஸ்டன் நகரில் 1660இல் ஏற்படுத்தப்பட்ட கிரானரி இடுகாடு. அங்குள்ள பழைய சிலேட்டுக் கற்களின் உச்சியில், நடுவே ஓர் அரைவட்டமும், இருபுறமும் தோள்களைப் போன்ற சிறு வளைவுகளும், அரைவட்டத்துக்குள் இறக்கை முளைத்த மண்டையோடும் செதுக்கப்பட்டிருக்கும். கடையில் விற்கும் சிலுவை வடிவங்களைவிட இந்த வடிவம் எளிமையானது. உண்மையான பழமையின் தோற்றமும் அதற்கு உண்டு.

எழுத்துக்களைக் காகிதத்தில் அச்சிட்டு, பலகைமேல் ஒட்டி, பேனாவால் அழுத்தி வரைந்தபின், கூர்மையான கத்தியைச் சாய்த்துப் பிடித்து இருபுறமும் வெட்டினால் பள்ளமாகப் பெயர்ந்து வரும். மின்கம்பிகளை ஈயத்தால் ஒட்டவைக்கும் பற்றவைப்புக் கோலைச் (சால்டரிங் அயர்ன்) சூடாக்கிச் செதுக்குபவர்களும் உண்டு. அதிலிருந்து எழும் புகை கெடுதலானது என்பதால், அந்த வேலையை வெளியில், முகக்கவசம் அணிந்துகொண்டு செய்ய வேண்டும். அடுத்து வண்ணம். முதல் ஆண்டு, ஃபோம் மீது நேரடியாக ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தபோது அதிலிருந்த கரைப்பான் பலகையை அரித்து, இரண்டு மாலை வேளைகள் செலவிட்டுச் செதுக்கிய மண்டையோட்டைக் கண்ணெதிரே கரைத்துவிட்டது. அன்றுமுதல், தண்ணீரில் கலக்கும் சுவர் வண்ணத்தில் கருஞ்சாம்பல் நிறத்தைப் பூசி உலரவிட்ட பிறகே மற்ற வேலைகளைத் தொடங்குகிறேன். தூரிகையில் இளஞ்சாம்பல் நிறத்தைத் தொட்டு, அதைப் பழைய துணியில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, கல்லின் மேடுகளில் மட்டும் லேசாக உரசினால், பள்ளங்கள் கருமையாகவே நின்று கல்லுக்குரிய தோற்றம் வந்துவிடும். கடைசியாக, நீர்த்த கறுப்பு வண்ணத்தை உச்சியிலிருந்து வழியவிட்டால், நூறாண்டு மழை வடிந்த கறை போல இருக்கும். கற்களின் பின்புறம் பிவிசி குழாய்த் துண்டுகளை ஒட்டி, தரையில் அடித்த இரும்புக் கம்பிகளில் செருகிவிடுங்கள். இல்லாவிட்டால் இலையுதிர்காலக் காற்று இவற்றை அடுத்த வீட்டுக்குத் தூக்கிச் சென்றுவிடும். விருந்தினர் எவருடைய பெயரையும் கல்லில் எழுதாதீர்கள். அண்மையில் ஒரு மரணத்தைக் கண்ட குடும்பம் வந்திருக்கக்கூடும்.

துணிப் பேய்க்கு இங்குள்ளவர்கள் சீஸ்க்ளாத் எனப்படும் சல்லாத் துணியைக் கடைக் கஞ்சியில் நனைத்துப் பயன்படுத்துவார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த என் தாயார் அதைப் பார்த்துவிட்டு, வேட்டிக்குக் கஞ்சி போடுவதைப் போலத்தானே இது என்று கேட்டு, பழைய மல் வேட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சல்லாத் துணியைவிட அது அழகாக மடிந்து விழுந்தது. இரண்டு லிட்டர் புட்டியின் மீது ஊதிய பலூனை நிறுத்தி, கைகளுக்குக் கம்பியை வளைத்து, எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையால் மூடிவிட வேண்டும். சோள மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து, கெட்டியாகிக் கண்ணாடி போல ஆகும்வரை காய்ச்சி, ஆறியபின் துணியை அதில் தோய்த்துப் போர்த்தி, ஒரு முழு நாள் உலரவிடுங்கள். பிறகு பலூனை உடைத்து, புட்டியையும் கம்பியையும் உருவிவிட்டால், உள்ளே எதுவுமற்ற ஒரு துணி தானாக நின்றுகொண்டிருக்கும். அதன் அடியில் மின்கலத்தால் எரியும் சிறு விளக்கை வைத்த இரவு, நானே அந்த அறைக்குள் போகச் சற்றுத் தயங்கினேன். மழை பட்டால் இது குழைந்துவிடும் என்பதால் வீட்டுக்குள் மட்டுமே வைக்க வேண்டும். உலர்ந்த பருத்தித் துணி எளிதில் தீப்பற்றும்; ஆகவே இத்தகைய அலங்காரம் உள்ள எந்த அறையிலும் மெழுகுவர்த்தியே கூடாது.

சற்று உழைக்கத் தயாராக இருந்தால், பெப்பரின் பேய் என்ற பழைய மேடை உத்தியை முயன்று பாருங்கள். ஹென்றி டர்க்ஸ் என்ற பொறியாளர் வகுத்த யோசனையை எளிதாக்கி, ஜான் ஹென்றி பெப்பர் 1862இல் லண்டன் ராயல் பாலிடெக்னிக் நிறுவனத்தில் அதை மேடையேற்றினார். கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 1969இல் திறக்கப்பட்ட பேய் மாளிகையில், நடனமாடும் ஆவிகளை இன்றும் அதே உத்திதான் காட்டுகிறது. இரவு ரயிலில் சன்னல் கண்ணாடியில் நம் முகமும் வெளியே உள்ள இருட்டும் ஒன்றாகத் தெரிவதை நினைத்துக்கொண்டால், இதன் இயக்கம் விளங்கிவிடும். நாங்கள் இருட்டான ஓர் அறையின் வாசலுக்குச் சற்று உள்ளே, தெளிவான அக்ரிலிக் தகடு ஒன்றைப் பார்வைக் கோட்டுக்கு 45 பாகைச் சாய்வில் நிறுத்தினோம். வாசலில் நிற்பவருக்குத் தெரியாதபடி சுவர் மறைவில் கஞ்சித் துணிப் பேயை வைத்து, அதன் பின்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டோம். விளக்கு அணைந்திருக்கும்போது வெறும் நாற்காலி மட்டுமே தெரியும். பேயின்மீது மெல்ல ஒளியைக் கூட்டினால், நாற்காலியில் வெளிறிய உருவம் ஒன்று ஊடுருவித் தெரியும்படி அமர்ந்திருக்கும். தகட்டுக்கு முன்னால் பேய் எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, தகட்டுக்குப் பின்னால் அதே தொலைவில்தான் அதன் பிம்பம் தோன்றும் என்பதால், நாற்காலியின் இடத்தை அளந்தே வைக்க வேண்டும். தகட்டில் விரல் தடம் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

முகம் செதுக்கி உள்ளே விளக்கு வைக்கும் பூசணிக்காயைப் பொறுத்தவரை, குடைந்த பின் சில நாட்களிலேயே அது சுருங்கிப் பூசணம் பிடிக்கத் தொடங்கிவிடுவதால், விருந்துக்கு இரண்டு நாள் முன்னர் குடைவதே சரி. மூடியைக் கத்தியைச் சாய்த்துப் பிடித்து வெட்டினால் அது உள்ளே விழாது. உட்சுவரை ஓர் அங்குலத் தடிமனுக்குச் சுரண்டினால் செதுக்குவதும் எளிது, ஒளியும் நன்றாகப் பரவும். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இதற்கு டர்னிப் கிழங்கையே குடைந்தார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களே பூசணிக்கு மாறினார்கள். டர்னிப்பைக் குடைவது கடினம்தான், ஆயினும் அதன் சுருங்கிய முகம் பூசணியைவிடப் பயங்கரமானது. மேசைமேல் வைக்க ஒன்றிரண்டாவது செய்து பாருங்கள்.

வெண்புகைக்காக உலர்பனி (உறைந்த கரியமில வாயு) வாங்க எண்ணினால், அது மைனஸ் 78.5 பாகை செல்சியஸில் இருப்பது என்பதையும், அது ஆவியாகும்போது வரும் கரியமில வாயு காற்றைவிடக் கனமாதலால் தரையோரம், அதாவது குழந்தைகளின் மூச்சு உயரத்தில், தேங்கும் என்பதையும் மறக்காதீர்கள். அடித்தள அறையில் அதை நான் ஒருபோதும் பயன்படுத்துவதில்லை. திறந்த முற்றத்தில், தடித்த கையுறையுடன், வெந்நீர்ச் சட்டியில் போட்டால் போதும். இறுக்கமாக மூடிய பாத்திரத்தில் வைத்தால் அழுத்தம் ஏறி வெடித்துவிடும். பஞ்சுச் சிலந்தி வலையையும் வீட்டுக்குள் மட்டுமே விரியுங்கள். மரங்களில் கட்டினால் சிறு பறவைகள் அதில் சிக்கிக்கொள்ளும்.

ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் வருவார்களானால், பேய் அறையின் வழியே போகாமல் உணவு மேசைக்குச் செல்ல வெளிச்சமான வேறொரு பாதையை அமைத்துக் கொடுங்கள். இரண்டாம் ஆண்டில் ஒரு சிறுவன் வாசலிலேயே அழுதுகொண்டு நின்றுவிட்டான். மறுநாள் பகலில் அவனை மீண்டும் அழைத்து, தகட்டையும் விளக்கையும் காட்டி, அவன் கையாலேயே பேயை வரவழைக்கச் செய்தோம். இப்போது எங்கள் வீட்டில் அந்த விளக்கை இயக்குபவன் அவன்தான்.

விருந்து முடிந்ததும் கற்களைப் பழைய போர்வையில் சுற்றிப் பரணில் வைத்துவிடுங்கள். பூசணிகளை உரக்குழிக்கு அனுப்பலாம். கஞ்சிப் பேயை வாளி வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து அலசினால், அது மீண்டும் வேட்டியாகிவிடும்.