9,000 கிலோமீட்டரில் மறுபடியும் பேரிங்கா?

கேள்வி: ஏழு பேர் உட்காரும் கார். முன்பக்க இடது வீல் பேரிங்கை மாற்றி 9,000 கி.மீ.கூட ஓடவில்லை, மறுபடியும் ‘ஊங்’ சத்தம். இப்போது ஹப் (வீல் மாட்டும் சுழலும் பாகம்), நக்கிள் (பேரிங் உட்காரும் கூடு) எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். தேவையா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: டயர் மேடு பள்ளமாகத் தேய்ந்தாலும் இதே சத்தம்தான் வரும். உள்ளங்கையால் தடவினாலே தெரிந்துவிடும். முன் டயர்களைப் பின்னால் போட்டதும் சத்தமும் பின்னால் போனால், பேரிங் மேல் பழி இல்லை. வலப்பக்க வளைவில் சத்தம் கூடுகிறது என்றால் இடது பேரிங்தான். ஜாக்கியில் தூக்கி, காயில் ஸ்பிரிங்கில் விரல் வைத்தபடி வீலைச் சுற்றுங்கள். கரகரப்பு விரலுக்கு எட்டும். வீலில் ஆட்டம் இல்லையே, பேரிங் நன்றாக இருக்கிறது என்று ஏமாற வேண்டாம்.

பேரிங்தான் என்றால், கழற்றிய பழையதை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். செந்துரு ஏறியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் சூடான ஹப்போடு இறங்கினால், குளிரும்போது சீல் (பேரிங்கின் மூடி வளையம்) வழியாக நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். துரு இல்லாமல் சம இடைவெளியில் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால், பெரும்பாலும் ஏற்றிய விதம் தப்பு. பேரிங்கை நக்கிளுக்குள் ஏற்றும்போது பிரஸ் (அழுத்தி ஏற்றும் இயந்திரம்) பேரிங்கின் வெளிவளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். ஹப்பை ஏற்றும்போது உள்வளையத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அழுத்தம் முழுக்கக் குண்டுகள் வழியாகப் போகும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் கேட்கவே வேண்டாம்.

ஆக்ஸில் நட்டு புதிதாக இருக்கட்டும். ஏர் கன்னோடு விட்டுவிடாமல், வீல் தரையில் ஊன்றுவதற்கு முன்பே டார்க் ரெஞ்சால் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும்.

நக்கிளைப் பொறுத்தவரை, புதுப் பேரிங் கையால் தள்ளியதும் உள்ளே வழுக்கிப் போனால் மாற்றத்தான் வேண்டும். பிரஸ் இல்லாமல் நகரவில்லை, துளையில் கீறலும் இல்லை என்றால் அந்தச் செலவு வீண். ஹப் கதை வேறு. பழைய உள்வளையம் ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு வரும்; கிரைண்டரால் அறுக்கும்போது தண்டில் வெட்டு விழுந்திருந்தால் ஹப்பை மாற்றிவிடுங்கள். வலது பக்கம் சத்தமில்லை என்றால் அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: பேரிங் மாற்றியதிலிருந்து ஏ.பி.எஸ். விளக்கு அணையவில்லை.
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: முதலில் வீல் வேகத்தை அளக்கும் சென்சாரின் கனெக்டரைப் பாருங்கள். அது சரியாக இருந்தால், பேரிங் திருப்பி மாட்டப்பட்டிருக்கலாம். பல கார்களில் ஒரு பக்க சீலில் மட்டும் காந்த வளையம் இருக்கும். அது சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும். கழற்றித் திருப்பிப் போட முடியாது, கழற்றும்போதே பேரிங் கெட்டுவிடும். புதியதன் விலையை மாட்டியவரிடமே கேளுங்கள்.