மொரிஷியஸ் கிராமத்து நிலத்தில் சிமெண்ட் இல்லாமல் நடைபாதை போட முடியுமா?

ரோஸ் பெல் பக்கம் பழைய கரும்புக் காணி, வீட்டிலிருந்து ஓடைவரை நடைபாதை போட வேண்டும், சிமெண்ட் அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசியமே இல்லை. கல்லும் வாங்க வேண்டாம். கரும்பு போட நிலத்தைத் திருத்தியபோது பொறுக்கிக் குவித்த எரிமலைக் கருங்கல் வரப்போரத்திலேயே கிடக்கும்.

முதல் எதிரி தண்ணீர். பிப்ரவரியில் கொட்டும் மழையில் குடையோடு ஒரு நடை நடந்து, தண்ணீர் ஓடும் தடத்தில் முளைக்குச்சி அடித்து வையுங்கள். பாதையை நேராகச் சரிவில் இறக்காதீர்கள், அதுவே வாய்க்காலாகிவிடும். சரிவுக்குக் குறுக்கே வளைத்து வளைத்துக் கொண்டுபோங்கள்.

15 சென்டிமீட்டர் தோண்டி, இரண்டு ஓரமும் பெரிய கல்லைப் பாதி புதையும்படி நிறுத்துங்கள். நடுவில் ஜல்லி, அதன்மேல் கிரஷர் தூள், அதாவது கல் உடைக்கும்போது விழும் பொடி. தண்ணீர் தெளித்து, படிப்படியாகத் திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும். செருப்புக் குதிகால் பதியாவிட்டால் போதும். ஒரு மீட்டர் அகலத்துக்கு நடுப்பகுதி 2 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கட்டும்.

பள்ளத்துப் பக்கம் வெட்டிவேர் நடுங்கள். வேர் நேரே கீழே இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஃபிளாம்பாயன் (குல்மொஹர்) மரம் மட்டும் பாதையோரம் வேண்டாம். டிசம்பர் பூவுக்கு ஆசைப்பட்டு நான் வைத்தேன், இன்று ஓரக்கல்லெல்லாம் வேர்மேல் உட்கார்ந்திருக்கிறது. அழகுக்கு இந்த நாட்டுக்கே உரிய பாட்டில் பனை இருக்கிறதே!